ஒரே ஃபைலில் இரண்டு பேர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். லேப் வேலைக்கு இரண்டுமே ஆகாது என்று படித்த இடத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவில், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தது. குழந்தையில்லை என்று வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. லேப் என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஆடுகிற ஸ்டூல் ஒன்று, குழாயில் தண்ணீர் வராத நாளுக்கு ஒரு குடம். முதல் நாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது ஜில்லா கலெக்டர் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம் டாக்டரம்மா வெளிநாட்டில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். எல்லாரும் சாக்லேட் எதிர்பார்த்தோம். அவர் பெட்டியிலிருந்து எடுத்தது ஒரு கையேட்டையும் ஒரு படிவத்தையும். ரிசப்ஷன் அக்காவின் முகம் தொங்கிப் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தக் கையேட்டைப் பார்த்ததும் கை பரபரத்தது. ஒரு சொட்டு விந்தை எப்படி எடுப்பது, எத்தனை நிமிஷம் வைப்பது, எந்தக் கட்டத்தில் ஆரம்பித்து எண்ணுவது என்று எல்லாம் படம் போட்டு இருந்தது. அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். என்ன புத்தகம் என்று அப்பா எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்துப் படத்தைப் பார்த்ததும் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம்தான். குழந்தை போதும் என்று சொல்ல வைப்பதற்கு நர்ஸுகள் வீடு வீடாக வந்தார்கள். குழந்தை வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் வீட்டுக் கதவை ஒருவரும் தட்டவில்லை. நம் ஊரில்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். உலகம் முழுக்கவே அப்படித்தான் இருந்தது என்று டாக்டரம்மா சொன்னார். ஜனத்தொகை பெருகுகிற நாட்டில் பிள்ளையில்லாதவளின் கவலையை யார் தூக்கிச் சுமப்பார்கள்? பிறகு சில நாடுகளின் மருத்துவர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஆயிரக்கணக்கான தம்பதிகளை ஒரே படிவத்தை வைத்து, ஒரே வரிசையில் கேள்வி கேட்டு, ஒரே மாதிரி சோதித்திருக்கிறார்கள். பெண்ணிடம் மட்டும் தேடிக்கொண்டிருந்த குறை எத்தனையோ ஆண்களிடமும் இருந்தது, பல ஜோடிகளில் இரண்டு பக்கமும் இருந்தது. எத்தனையோ பெண்களுக்குக் கருக்குழாய் அடைத்துக்கொண்டது, யாரும் கவனிக்காமல் விட்ட ஏதோ ஒரு கிருமியால். கெய்ரோவில் நாடுகளெல்லாம் கூடி ஜனத்தொகையைப் பற்றிப் பேசினபோதுகூட, பிள்ளையில்லாதவர்களின் வைத்தியத்தையும் சேர்த்து எழுதினார்களாம். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்தது. அத்தனை நாடுகளில் அத்தனை பேர் குனிந்து பார்த்த அதே கட்டங்களை நானும் மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்க்கப் போகிறேன்.

அந்தப் படிவத்தில் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடது பக்கம் மனைவி, வலது பக்கம் கணவன். அடுத்த திங்கட்கிழமை முதல் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஃபைல், இருவரும் வந்தால்தான் ஃபைல் திறப்பது, ரிசல்ட்டையும் இருவரையும் உட்காரவைத்துத்தான் சொல்வது என்று டாக்டரம்மா அறிவித்தார்.

"யாரு பேருல போடறதுங்க?" என்று ரிசப்ஷன் அக்கா கேட்டார்.

"ரெண்டு பேரு பேருலயும்."

"எழுதறதுக்கு எடமே பத்தாதுங்களே."

இடம் போதுமானதாக இருந்தது. ஆட்கள்தான் போதவில்லை. அதுவரை எங்களிடம் வந்தவர்கள் மருமகளும் மாமியாரும்தான். கணவன்மார் கேட்டில் இறக்கிவிட்டு எதிர்ப்புறம் பேக்கரிக்குப் போய்விடுவார்கள். அங்கே டீயும் தேங்காய் பன்னுமாகக் காலையைப் போக்குவார்கள். புது விதி வந்ததும் வாட்ச்மேனின் முதல் வேலை பேக்கரிக்குப் போய் அவர்களைத் திரட்டிக்கொண்டு வருவது. "ஏனுங்க, டாக்டரம்மா உங்களையுங் கூப்பிடறாங்க" என்றதும் பாதி டீயை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. மாமியார்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். "என்ற பையனுக்கு என்னங்க அம்மணி, கல்லாட்டம் இருக்கறான், அவனையெதுக்குங்க குப்பீல புடிக்கச் சொல்றீங்க?" என்று ஒரு அம்மா லேப் வாசலிலேயே கேட்டார். எனக்கு ஒவ்வொரு நாளும் திருவிழாவாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு அங்கே சொந்தமாக ஒரு சின்ன லேத் பட்டறை, மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது. வீட்டில் தோட்டமும் நாலைந்து கறவை மாடும். அந்த அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரு மஞ்சள் பை நிறைய பழைய மருந்துச் சீட்டுகள் வைத்திருந்தார். மூன்று மருத்துவமனைகளில் மூன்று தடவை கர்ப்பப்பையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அத்தனை காகிதத்தில் அவர் கணவர் பேரில் ஒரு சோதனைச் சீட்டுகூட இல்லை. நான் ஒன்றுக்கு இரண்டு தடவை பையைக் கவிழ்த்துத் தேடினேன்.

ரத்தம் எடுக்கும்போது அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டே, கறிகாய் விலை சொல்கிற குரலில் சொன்னார். "வர்ற வாரம் சனிக்கெழமை எங்கத்தை ஈரோட்டுக்குப் போறாங்க, கண்ணு. மஞ்ச யாவாரம் பண்றவங்க ஊட்ல ஒரு பொண்ணு இருக்குதாமா. பாத்துப்போட்டு வந்தாங்கன்னா, இவருக்கு ரெண்டாங் கலியாணம் பண்ண எனக்குச் சம்மதம்னு எழுதி வாங்கிப்பாங்க."

"அவரு என்ன சொல்றாரு?"

"அவரு ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்க. அதான் அவரு கொணம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அக்காவின் கையில் ஊசி இருந்ததால் பேசாமல் இருந்தேன்.

அவர் கணவர் உண்மையில் பரம சாது. படிவத்தில் வலது பக்கத்துக் கேள்விகளுக்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னார். ஸாம்பிள் கொடுக்க மாடியில் துணி அடுக்கி வைக்கிற அறையைக் காட்டினபோது மட்டும் வியர்த்துவிட்டது. "ஊட்ல இருந்து கொண்டாந்தா ஆகாதுங்களா?" என்றார். ஆகும் என்று கையேட்டில் இருந்தது. அதைப் பார்த்து நானே தமிழில் எழுதி, ஜெராக்ஸ் போட்டு வைத்திருந்த குறிப்புச் சீட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாள் விலகி இருக்கவும், அகன்ற வாய் பாட்டிலில் பிடிக்கவும், ஒரு மணி நேரத்துக்குள் வரவும், கெடாமல் கொண்டு வரவும். அந்தச் சீட்டில் எனக்கு ரொம்பப் பெருமை. கையேட்டில் எத்தனை டிகிரி சூட்டில் வைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. டிகிரி கணக்கெல்லாம் எழுதினால் ஜனங்கள் பயந்துகொள்வார்கள் என்று அதை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு இருவரும் வந்தார்கள். பாட்டிலை ஒரு கர்ச்சீப்பில் சுற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் நேரே பேக்கரிக்குப் போய்விட்டார். கர்ச்சீப் நனைந்திருந்தது. பாவம், கைவியர்வை என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் வைத்துவிட்டு, ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் விட்டு, குனிந்து பார்த்தேன்.

ஒன்றும் அசையவில்லை. விந்தணுக்கள் இருக்கின்றன, நிறையவே இருக்கின்றன, ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. இன்னொரு சொட்டு எடுத்தேன். அதிலும் அப்படியே. ஒன்பது வருஷமாக அந்த அக்காவைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள், காரணம் இந்தா இங்கே கிடக்கிறது.

அந்த நிமிஷம் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். வெளி பெஞ்சில் அந்த அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, குறை உங்ககிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றுமே அசையவில்லை என்றும் சொன்னேன்.

அவர் அழவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார், சுவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு தண்ணீரை வைத்த வாய் எடுக்காமல் குடித்து முடித்தார். "நெசமாங்களா?" என்றார். "நானே ரெண்டு தடவை பாத்தேங்க்கா" என்றேன். கணவர் வந்ததும் எழுந்து அவர் பின்னாலேயே போய்விட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஈரோட்டு சனிக்கிழமையை நான்தான் ஒரே ஆளாக நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, டாக்டரம்மாவிடம் சொல்வதற்காக வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

வாட்ச்மேன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரில் ஐஸ் கட்டிகள் மிதந்தன. ஏது ஐஸ் என்று கேட்டேன்.

"பெரியநாயக்கன்பாளையத்துக்காரரு குடுத்துப்போட்டுப் போனாருங்க. ஃப்ளாஸ்க் நெறைய வச்சிருந்தாரு. கீழ கொட்டப் போனாரு, நாந்தான் வாங்கிக்கிட்டேன்."

"ஃப்ளாஸ்க்குல எதுக்கு ஐஸு?"

"அந்தக் குப்பிய அதுக்குள்ள வச்சுத்தானுங்க கொண்டாந்தாரு. கெடக் கூடாதுன்னு சீட்டுல எழுதியிருந்துதாமா."

வாட்ச்மேனின் சர்பத்தைப் பற்றி அப்போது எனக்குக் கவலைப்பட நேரமில்லை, அவரிடம் இன்றுவரை அதைப் பற்றிப் பேசவும் இல்லை. மாடு வைத்திருக்கிறவர் வீட்டில் கெடாமல் வைப்பதென்றால் குளிரில் வைப்பதுதான். பால் சொஸைட்டியில் அப்படித்தான். மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர், புகை கிளம்புகிற கேனில் உறைய உறைய வைத்துத்தான் காளையின் விந்தைக் கொண்டு வருவார். அதை வருஷம் பூராவும் பார்த்தவர் மனுஷனுடையதை மட்டும் சட்டைப் பையில் வைத்தா கொண்டு வருவார்? நான் அந்த டிகிரியை எழுதியிருந்தால் போதும். ஐஸில் இருந்து வந்ததைப் பார்த்துவிட்டு நான் ஒரு மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அதையும் அவரிடம் சொல்லாமல் அவர் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மா கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒரே ஸாம்பிள்ல முடிவு பண்ணக் கூடாதுன்னு அந்தக் கையேட்டுல அடிக்கோடு போட்டு வச்சது யாரு?" என்று மட்டும் கேட்டார். நான்தான் போட்டிருந்தேன், சிவப்பு மையில். ஒரு வாரம் கழித்து, இங்கேயே வந்து மறுபடி கொடுக்கச் சொல் என்றார்.

மறுநாள் பட்டறைக்குப் போன் செய்தேன். லேத் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அவர் வந்தார். ஐஸில் வைத்ததால் அந்த ரிசல்ட் செல்லாது, தப்பு எங்கள் சீட்டில்தான், செவ்வாய்க்கிழமை இருவரும் வர வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"வழியிலயே அவ எல்லாஞ் சொல்லிப்போட்டா. நேத்துப் பொழுதோட எங்கம்மாகிட்ட நானே சொல்லிப்போட்டேனுங்க, கொறை எனக்குத்தான்னு," என்றார். "ஈரோட்டுக்குப் போறது நின்னுபோச்சுங்க."

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"செவ்வாக்கெழமை வாரேனுங்க. அதுவரைக்கும் அவகிட்ட எதுவுஞ் சொல்லிப்போடாதீங்க."

ஒன்றும் சொல்லாதவர் என்று அந்த அக்கா சொன்ன மனிதர் இவர்தான். அம்மாவின் முன்னால் போய் நின்று, எந்த ஆணும் சொல்லக் கூசுகிற ஒன்றைத் தானாகச் சொல்லியிருக்கிறார், அதுவும் என்னுடைய அவசரத்தை நம்பி. இப்போது இரண்டாவது ஸாம்பிள் நன்றாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? குறை இல்லை என்று தெரிந்தால் அந்த அம்மா மறுநாளே ஈரோட்டுக்குப் பஸ் ஏறுவார். முன்னாலாவது ஒரு சந்தேகம் இருந்தது, இனி அதுவும் இருக்காது. அந்த அக்காவின் கழுத்தில் கயிற்றை நானே இறுக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை கோனியம்மன் கோயிலுக்குப் போனேன். ஒரு நல்ல மனுஷனுக்குக் குறை இருக்க வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்ட லேப்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேண்டி முடித்ததும் வெட்கமாகிவிட்டது. வேண்டியதை வாபஸ் வாங்க இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

செவ்வாய்க்கிழமை அவர் மாடி அறைக்குப் போய்விட்டு வந்தார். பாட்டில் இளஞ்சூடாக என் கைக்கு வந்தது. அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சொட்டு விட்டு, குனிந்தேன்.

என்ன சொல்ல. தேர் இழுக்கிற நாளில் ராஜ வீதிக்குள் புகுந்த மாதிரி இருந்தது. அத்தனையும் அலைபாய்ந்தன. முட்டிக்கொண்டு, விலகி, நேராக, கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் பாய்ந்தன. நான் அதுவரை பார்த்த ஸாம்பிள்களில் அது மாதிரி ஒன்றைப் பார்த்ததே இல்லை. என்னை மறந்து சிரித்துவிட்டேன். கையிலிருந்த எண்ணுகிற கருவியைத் தட்டித் தட்டிக் கட்டைவிரல் வலித்தது. எண்ணி முடித்துக் காகிதத்தில் எழுதுகிறபோதுதான் ஈரோடு ஞாபகம் வந்தது. டாக்டரம்மா வந்து தானும் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீயும் உள்ள வா. சொன்னது நீதானே, கூட இரு," என்றார்.

இருவரும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த ஒரே ஃபைல். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. போன வாரத்து ரிசல்ட் தப்பு, குளிரில் எல்லாம் உயிரிழந்துவிட்டன, சீட்டில் சரியாக எழுதாதது எங்கள் பிழை, இந்த வாரத்து ரிசல்ட்டில் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை என்றார்.

"நான்தாங்க்கா அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க," என்றேன். அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியிலிருந்த மஞ்சள் பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா மெதுவாகத் தொடர்ந்தார். இனிமேல் இடது பக்கம் பார்க்க வேண்டும். குழாய் திறந்திருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே. அடைப்பு இருந்தால் அது அந்த அக்கா செய்த தப்பு ஆகாது, என்றைக்கோ வந்த கிருமியோ, அந்த மூன்று சுத்தம் செய்தலோகூடக் காரணமாக இருக்கலாம். இருவருக்குமே ஒன்றும் இல்லாமலும் போகலாம். காரணம் தெரியவில்லை என்று டிக் போடவும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.

கணவர் தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா, ஊட்ல நான் சொன்னது சொன்னபடியே இருக்கட்டுமுங்க. மாத்திச் சொல்ல வேண்டாமுங்க."

"ஃபைல்ல நான் பொய் எழுத மாட்டேன்."

"ஃபைல்ல வேண்டாமுங்க. ஊட்லதானுங்க. எம்பட மேலயே இருக்கட்டும். எங்கம்மா இனி ஈரோட்டுப் பேச்சு எடுக்க மாட்டாங்க."

டாக்டரம்மா அந்த அக்காவைப் பார்த்தார். "ரெண்டு பேருஞ் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. நீ என்ன சொல்றே, கண்ணு?"

அந்த அக்கா பையை விட்டுவிட்டுக் கணவர் பக்கமாகத் திரும்பினார். அவரை அப்படி நேருக்கு நேராக அவர் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"ஒரு வாரமா எங்கத்தை இவருக்கு மூணு வேளையும் முருங்கக்கீரையாப் போடறாங்க," என்றார். "பெரியப்பா லேகியம் வாங்கியாந்தாரு. கலியாண ஊட்ல ஒருத்தரு இவரு தோள்ல தட்டி, ஒண்ணுங் கவலைப்படாதேன்னாரு. ராத்திரி இவரு தூங்கறதே இல்லீங்க, டாக்டரம்மா."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டாம், உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எங்கிட்ட இது ஒம்பது வருசம் இருந்துதுங்க," என்றார் அந்த அக்கா. "இன்னுங் கொஞ்ச நாள் இவருகிட்ட இருக்கட்டும்."